மல்லி அண்ணாச்சி காட்டிய கொட்டாரம்

திருவனந்தபுரத்துப் பழைய கட்டிடம் எதையும் முன்பக்கமாகப் பார்க்காத ஒரே மனிதர் எங்கள் மல்லி அண்ணாச்சி. ஆரியசாலையில் கொத்தமல்லி மொத்த வியாபாரம். மேல்சரக்கை எவனும் நல்லதாகத்தான் வைப்பான் என்று சாக்கின் அடியில் குத்தூசியைச் செருகி, எடுத்து முகர்ந்த பிறகுதான் பேச ஆரம்பிப்பார். அந்த வியாதி கட்டிடங்களுக்கும் பரவிவிட்டது.

தெருவுக்கு எந்த விருந்தாளி வந்தாலும், குன்றின் மேலிருக்கும் பழைய கொட்டாரத்துக்கு அவர்தான் கூட்டிப்போவார். ராஜாக்கள் வாழ்ந்த மாளிகை, இப்போது எல்லோரும் போய்ப் பார்க்கலாம். மாடியில் நின்றால் தென்னந்தோப்புகளுக்கு அப்பால் கடல் தெரியும். ஆனால் அண்ணாச்சியோடு போனவர்கள் அடுக்களையும் சாக்கடையும் பார்த்து முடிப்பதற்குள் மூடும் மணி அடித்துவிடும்.

போன வருஷம் என் தங்கை செல்வியைப் பெண் பார்க்க வள்ளியூரிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கும் செல்விக்கும் பிடித்துப்போயிற்று. அவர் அம்மா மட்டும் பிடிகொடுக்காமல், "கொட்டாரத்து மேல நின்னா கடல் தெரியுமாமே?" என்றார்.

"அண்ணே, அண்ணாச்சி கண்ணுல படாம கூட்டிட்டுப் போ" என்று செல்வி கெஞ்சினாள். தெருமுனையிலேயே அண்ணாச்சி ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

"முன்னால என்னக்கா இருக்கு? வெறும் பெயிண்டு! இங்க வாங்க" என்று, கொட்டாரத்தில் நுழைந்ததுமே அண்ணாச்சி பட்டுச்சேலை கட்டிய அந்த அம்மாவை மாடிப்படிக்கு அடியில் குனியவைத்தார். "ஆரும் பாக்காத எடத்துலயும் தச்சன் பூ கொத்தி வச்சிருக்கான், கேட்டியளா!" என்று உத்தரத்தை முகர்ந்தும் காட்டினார். கல்யாணம் போச்சு என்று செல்வி என்னை முறைத்தாள்.

அந்த அம்மா பூவைத் தடவிப் பார்த்தார். "அண்ணாச்சி, நீங்க எதையும் மறைக்க மாட்டீய. இந்தப் பிள்ள எப்பிடி?"

அண்ணாச்சி செல்வியை ஏற இறங்கப் பார்த்தார்.

"கோவக்காரிக்கா. கொழம்புல உப்பு ஒருநாள் தூக்கலா இருக்கும், ஒருநாள் இருக்கவே இருக்காது. ஆனா வீட்டுல ஒருத்தரு பட்டினி கெடந்தா இவளுக்குச் சோறு எறங்காது."

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "உப்ப நான் பாத்துக்கிடுதேன். தேதி குறிங்க!"

அதற்குள் மூடும் மணி அடித்தது. காவலாளி ஓடிவந்து, "அண்ணாச்சீ, டைம் கழிஞ்சு, கேட்டோ!" என்றார்.

"சம்பந்தம் முடிஞ்சிருக்குய்யா, கடலக் காட்டாம அனுப்புவியா?" என்று சம்பந்தியம்மா மாடியேறிவிட்டார். பின்னாலேயே நாங்களும் ஏறினோம். காவலாளி சிரித்துக்கொண்டே சாவியோடு காத்து நின்றார்.

தென்னை உச்சிகளுக்கு மேலே கடல் மின்னியது. அண்ணாச்சி கைப்பிடிச் சுவரைப் பிடித்து எட்டி எட்டிப் பார்த்தார். இத்தனை பேரைக் கூட்டிவந்தவர், அன்றுதான் முதல்முறையாக மாடியேறியிருக்கிறார்.

"மேல்சரக்கும் நல்லாத்தான் இருக்குடே" என்றார், மெதுவாக.

எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். எனக்கு அண்ணாச்சியை விட்டுக் கண்ணை எடுக்கவே மனம் வரவில்லை.