பாய்லர் பூஜைக்கு ஒரு கொட்டைப்பாக்கு

மதிப்பிற்குரிய மைத்துனர் பாபாசாகேப் அவர்களுக்கு, கோலாப்பூரிலிருந்து தத்தாஜியின் ராம் ராம். இங்கே நானும் இரண்டு எருமைகளும் நலம். அங்கே தாங்களும், கோபித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் தங்கள் தங்கை இந்துமதியும் நலமாயிருக்க அம்பாபாய் அருளட்டும்.

எங்கள் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் புது பாய்லர் வந்தது தங்களுக்குத் தெரியும். கரும்புச் சக்கையை எரித்துக் கரண்ட் எடுத்து, ஆலை ஓடியது போக மிச்சத்தை மின்வாரியத்துக்கே விற்கும். புகைபோக்கியில் கரியே வராது என்று டைரக்டர் என்ற முறையில் ஊர்க்கூட்டத்தில் சத்தியம் செய்தேன். சோதனை ஓட்டத்தன்று புகை வடிகட்டிக்கு ஸ்விட்ச் போட மறந்துவிட்டார்கள். ஊரில் அத்தனை மொட்டை மாடி இருக்க, இந்துமதி காயப்போட்ட அப்பளத்தின் மேல்தான் கரி வந்து இறங்கியது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "மிளகு அப்பளம்னு நினைச்சுக்கோயேன்" என்றேன். அன்றே பஸ் ஏறிவிட்டாள்.

இப்போது அரவை தொடங்க வேண்டும். முதல் தீ மூட்டும் பூஜையில் ஒரு டைரக்டர் மனைவியோடு உட்கார வேண்டும். இந்த வருஷம் என் முறை. மனைவி ஊரில் இல்லாவிட்டால் பக்கத்தில் ஒரு கொட்டைப்பாக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார் குருஜி. வைத்தேன். மந்திரம் முடிந்து பொத்தானை அமுக்கினால் தீ பிடிக்கவில்லை, கம்ப்யூட்டர் முழுக்கச் சிவப்பு எழுத்து. போன வருஷச் சக்கை மழையில் நனைந்திருக்கிறது என்று புனே இன்ஜினீயர் தலையில் அடித்துக்கொள்கிறார், யார் கேட்கிறார்கள்? ஃபிட்டர் மாருதி எல்லார் எதிரிலும், "பாக்கை வெச்சு பாய்லரை ஏமாத்த முடியுமா அண்ணா? அண்ணி வரட்டும், தானா பத்திக்கும்" என்றான். வாசலில் கரும்பு வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. வெட்டின கரும்பு காய்ந்து எடை குறையக் குறைய, வண்டிக்காரர்கள் என்னை "பாக்கு டைரக்டர்" என்றே கூப்பிடுகிறார்கள்.

ஆலை கிடக்கட்டும். நான் தட்டுகிற சோள ரொட்டியை, அந்தப் பாக்ரியை, எருமைகூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருக்கப் பிடிக்கவில்லை. இதை நான் சொன்னதாகச் சொல்லாமல், தங்களுக்கே தோன்றியதுபோல் சொல்லி, கையோடு அனுப்பிவைக்கவும்.

பெரியவர்களுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசி, தங்கைக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

தங்கள்
தத்தாஜி

பி.கு.: மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் ஆலை ஜீப்பில் இந்துமதி வந்து இறங்கிவிட்டாள். காலியாயிருந்த பெண் டைரக்டர் இடத்தைச் சேர்மன் போனிலேயே அவளுக்குக் கொடுத்துவிட்டாராம். தாங்களும் அதைப் பற்றி என்னிடம் மூச்சு விடவில்லை. வந்ததும் வடிகட்டிக்கு ஸ்விட்ச் போட வைத்தாள். நாளை பூஜை அவள் பெயரில். சக்கையும் காய்ந்துவிட்டதாம், தீ கட்டாயம் பிடிக்கும். பூஜையில் அவள் பக்கத்தில் உட்கார நான் சந்தோஷமாகத் தலைப்பாகையைத் தேடி எடுத்தேன். "நீங்க எதுக்குங்க சிரமப்படணும்?" என்றாள். "அந்தக் கொட்டைப்பாக்கு பத்திரமா இருக்குல்ல, அதை எடுத்துக் குடுங்க."