மாமாவுக்கு ராப் பாடி ஓட்டுக் கேட்ட கதை

ஒரு தேர்தலில் ஒரு வேட்பாளரை ஒற்றை ஆளாக நின்று தோற்கடித்திருக்கிறேன். தோற்றவர் என் சொந்தத் தாய்மாமன். நான் பிரசாரம் செய்ததும் அவருக்காகத்தான்.

எண்பதுகளின் நடுவில் விழுப்புரத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். (வீட்டில் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.) கூடப் படித்த கோட்டக்குப்பம் சாதிக்கிடம், துபாயிலிருந்து அவன் அண்ணன் கொடுத்தனுப்பிய கேசட் ஒன்று இருந்தது. அதில் அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் தங்கள் தெருவின் குப்பை, வேலையில்லாத கொடுமை, போலீஸ் அடி எல்லாவற்றையும் தாளத்தோடு மடமடவென்று பேசியே கிழித்தார்கள். இதற்கு ராப் என்று பெயராம். எனக்குப் பத்து வார்த்தையில் இரண்டுதான் புரிந்தது. தமிழ்நாட்டைத் திருத்தப் பிறந்தவன் நான்தான் என்று முடிவுசெய்ய அதுவே தாராளம்.

அந்த நேரம் பார்த்து, திண்டிவனத்தில் மாமா வார்டு மெம்பருக்குச் சுயேச்சையாக நின்றார்.

"பிரசாரத்த எங்கிட்ட உடுங்க மாமா."

"மைக்ல தெளிவாப் பேசுவியாடா?"

"பேசறதா? புரட்சியே பண்றேன் பாருங்க."

(அப்போதே என்னை விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றியிருக்கலாம். அக்கா மகன் என்ற பாசம் கண்ணை மறைத்துவிட்டது.)

ஞாயிறு காலை, குழாய் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோவில் கிளம்பினோம். மாமா கைகூப்பியபடி முன்னால் நடந்தார். சாதிக் மைக்கில் வாயாலேயே "டும் டிஷ்க்" என்று தாளம் போட்டான்.

"மைக்செட்டு புட்டுக்கிச்சுப்பா, ஜல்தியா ஆஃப் பண்ணு!" என்றார் டீக்கடைக்காரர்.

மேதைகள் இதற்கெல்லாம் அசரலாமா? கேசட்டில் ஒருவன் கேள்வி கேட்பான், கூட்டம் பதில் சொல்லும். குண்டும் குழியுமான ஒரு தெரு வந்ததும் நானும் ஆரம்பித்தேன்.

"கல்லு எங்க போச்சு? தாரு எங்க போச்சு?
ஒரு மழைக்கே இந்த ரோடு எங்க போச்சு?
தின்னது யாரு? சொல்லு, தின்னது யாரு?"

முதல் தடவை தெரு வாயைப் பிளந்தது. இரண்டாம் தடவை, குழாயடியில் நின்ற ஓர் அம்மா குடத்தை இறக்கிவைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"தோ போறாரு!"

மூன்றாம் தடவை தெருவே தாளம் தப்பாமல் பாடியது.

"தின்னது யாரு?"

"தோ போறாரு!"

மக்கள் விழித்துக்கொண்டார்கள் என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. குரலை உயர்த்தி இன்னும் இரண்டு தடவை கேட்டேன். சாதிக்தான் தாளத்தை நிறுத்திவிட்டு என் சட்டையை இழுத்தான். "டேய், மாமாவைக் காட்டிக்கினு இருக்காங்கடா!"

அந்த ரோட்டைப் போட்ட கான்ட்ராக்டர் மாமாதானாம். கூப்பிய கை அப்படியே இருக்க, முகம் மட்டும் கேப்பைக்களி நிறத்துக்கு மாறியிருந்தது.

"ரோடு கான்ட்ராக்ட் எடுத்தத நீங்க சொல்லவே இல்லியே மாமா?"

"நீ கேக்கவே இல்லியேடா! எறங்குடா கீழ, பேஜாரு புடிச்சவனே!"

சமூகத்தைப் பார்த்து அத்தனை கேள்வி கேட்ட நான், அந்த ஒன்றை மட்டும் கேட்காமல் விட்டிருந்தேன்.

மறுநாள் எதிராளியின் ஆட்டோவில் என் பாட்டு ஊரைச் சுற்றியது. என்னைவிடத் தெளிவாகவே பாடினார்கள். மாமா தோற்றார். பல வருடம் என்னோடு பேசவில்லை.

உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனதில், பத்து வருடம் கழித்துத்தான் அடுத்த தேர்தல் வந்தது. மாமா மறுபடி நின்றார். ஆள் அனுப்பி என்னை வரச் சொன்னார். மன்னித்துவிட்டார் என்று நெகிழ்ந்துபோய் ஓடினேன்.

"நான் என்ன பண்ணணும் மாமா, சொல்லுங்க."

அதற்கு அவர் சொன்ன பதிலை அம்மா இன்றைக்கும் எந்தக் கல்யாண வீட்டிலும் சொல்லாமல் விடுவதில்லை.

"எனக்கு ஒண்ணும் பண்ண வேணாம்டா, சாமி. எதுர்ல நிக்கிறான் பாரு, அவனுக்குப் போய்ப் பாடு."