நீலாயதாட்சியின் கருவி எந்த அத்தியாயம்?

ஒரு காட்டில், ஆறு கடலில் போய் விழுகிற இடத்தில், கஸ்டம்ஸ் ஆபீஸ் ஒன்று இருந்தது. காட்டுக்கு எதற்கய்யா கஸ்டம்ஸ் என்று கேட்காதீர்கள். சிங்கம் என்று ஒன்று இருந்தால் வரி என்று ஒன்று இருக்கும். வரி இருந்தால் அதை நிர்ணயிக்க ஒரு யானை உட்கார்ந்திருக்கும். இங்கே உட்கார்ந்திருந்த யானையின் பெயர் ஏகாம்பரம். கப்பலில் எது வந்து இறங்கினாலும் அது இன்ன பொருள் என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை. அவருக்கு உதவியாக ஓர் ஆந்தை. பகலில் கண் தெரியாது என்பதால் அதைப் பரிசோதனைப் பிரிவில் போட்டிருந்தார்கள்.

அந்த ஆற்றில் நீலாயதாட்சி என்றொரு முதலை வாழ்ந்தாள். இரண்டு வருடமாக முட்டையிட்டும் அவளுக்கு ஒரு குஞ்சுகூடத் தங்கவில்லை. முதல் வருடம் கத்திரி வெயிலில் மணல் கொதித்து முட்டைகள் வெந்துபோயின. மறு வருடம் பயந்துபோய் ஓயாமல் நீரை இறைத்தாள், அழுகிப்போயின. மணலின் சூட்டைத் தாடை வைத்துப் பார்ப்பதுதான் முதலைகளின் வழக்கம். ஆனால் அந்தத் தடித்த தோலுக்குச் சூடு உறைக்கும்போது முட்டைகளின் காரியம் முடிந்திருக்கும்.

அதனால் இந்த வருடம் முட்டையிட்ட கையோடு, கடல் கடந்த தேசத்திலிருந்து ஒரு சின்னக் கருவியை வரவழைத்தாள். புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். மணலில் புதைத்தால் உள்ளே இருக்கிற சூட்டை அளந்து, நேரத்தோடு நினைவில் வைத்துக்கொள்ளும். சூடு மிஞ்சினால் கீச்சென்று குரல் கொடுக்கும். அப்போது மட்டும் நீர் இறைத்தால் போதும்.

கப்பல் வந்தது. வரிசையில் அவளுக்கு முன்னால் ஒரு குரங்கு, மாம்பழக் கிடங்குக்காக அதே கருவியை வரவழைத்துக்கொண்டு நின்றது. சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கும் ஏஜென்டான நரி, அவள் காதருகே வந்தது.

"அக்கா, பாசிமணின்னு ஒரே வார்த்தை சொல்லிருங்க. முன்னால நிக்கிற குரங்கும் அதத்தான் சொல்லப்போகுது."

"பொய் சொல்லிக் கொண்டாந்த பொருள என் முட்டைங்க நடுவுல எப்படிப்பா வைக்கிறது?" என்றாள் நீலாயதாட்சி.

நீதிக்கதைகள் கேட்டு வளர்ந்தவள், பாவம். குரங்கு பாசிமணி என்றது, முத்திரை வாங்கியது, கிளையேறிப் போய்விட்டது.

நீலாயதாட்சி ஒன்றுவிடாமல் சொன்னாள். சூட்டை அளக்கும் என்றதும் ஏகாம்பரம், எந்தப் பொருளுக்கு என்ன வரி என்று சொல்லும் தீர்வைப் புத்தகத்தில் வெப்பமானிகளின் அத்தியாயத்தைத் திறந்தார். நேரமும் தெரியும் என்றாள். அப்படியானால் கடிகாரம் என்றது ஆந்தை. குரல் கொடுக்கும் என்றதும் மணிகளின் அத்தியாயத்துக்கு ஓடினார்கள். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். முதலைக்கு வாய் பெரிது. முந்தாநாள் சூட்டைக்கூட மறக்காமல் வைத்திருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டாள். பழையதைப் பேணிக் காக்கிறதா என்று ஆந்தை கண்ணை உருட்டியது. அந்தப் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் புராதனப் பொருள்கள்.

எந்தத் தலைப்பில் வரி போடுவது என்று முடிவாகும்வரை கருவி ஏகாம்பரத்தின் மேசை மேல் இருக்கட்டும் என்று உத்தரவானது. அந்த அறையில் குளிர்சாதனம் உண்டு. ஆலோசனைக் கூட்டம் கூடியது, டீ குடித்துவிட்டுக் கலைந்தது, மறுபடி கூடியது. இதற்குள் கத்திரி பிறந்துவிட்டது. நீலாயதாட்சி தினமும் காலையில் வாசலில் வந்து கிடந்தாள். மத்தியானம் முட்டையிட்ட மணல் மேட்டுக்கு ஓடி, நீர் இறைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒருநாள் மானத்தை விட்டு, பாசிமணி என்றே எழுதிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினாள். வாக்குமூலத்தை மாற்றுவது கடத்தல்காரர் வழக்கம் என்று ஆந்தை எச்சரித்தது.

"மணலு காலச் சுடுதுங்கய்யா. நீங்க என்ன பேரு வேணா வச்சுக்குங்க, பொருளக் குடுத்துருங்க," என்றாள்.

"பேரு வைக்காத பொருளு இன்னும் காட்டுக்குள்ளயே வரலம்மா," என்றார் ஏகாம்பரம் பொறுமையாக. "வராத பொருள நான் எப்படிக் குடுக்கறது?"

கடைசியில் விதியொன்று கைகொடுத்தது. ஒரு பொருள் பல தலைப்புகளுக்குச் சமமாகப் பொருந்தினால், புத்தகத்தில் எது கடைசியாக வருகிறதோ அதுவே அதன் தலைப்பு. யோசித்து முடியாதவர்கள் யோசித்து எழுதிய விதி. அதன்படி, போன மாதம் செய்த அந்தக் கருவி புராதனப் பொருள் என்று தீர்ப்பானது. வரி கிடையாது. நிபந்தனை மட்டும் ஒன்று: புராதனப் பொருளை மண்ணிலிருந்து தோண்டி எடுக்கலாம், மண்ணில் புதைக்கக் கூடாது.

நீலாயதாட்சி கருவியை வாயில் கவ்விக்கொண்டு நீந்தினாள். பொரிகிற காலம் வந்தால் முட்டைக்குள்ளிருந்தே குஞ்சுகள் தாயைக் கூப்பிடும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் தாய் முதலை மணலைத் தோண்டும். அவள் கூட்டின் மேல் தலையை வைத்துக் கேட்டாள். சத்தமில்லை. நிபந்தனையாவது மண்ணாங்கட்டியாவது என்று கருவியைப் புதைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் மணலுக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு குரல் வந்தது.

குஞ்சுதான் என்று நினைத்துவிட்டாள். நகம் பெயரத் தோண்டினாள். முட்டைகள் எல்லாம் வெந்து கிடந்தன. நடுவில் அந்தக் கருவி மட்டும் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்தவில்லை, பக்கத்திலேயே படுத்து அழுதாள்.

புராதனப் பொருள் ஒழுங்காக வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க மாலையில் ஏகாம்பரமும் ஆந்தையும் மேட்டுக்கு வந்தார்கள். புதைத்த குற்றத்துக்குக் கருவியைப் பறிமுதல் செய்தார்கள். முட்டைகளைப் பார்த்து ஏகாம்பரம் ஒரு நிமிஷம் தும்பிக்கையைத் தாழ்த்தி நின்றார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு அவள் கண்ணிலிருந்து வழிவது என்ன என்று ஆந்தையிடம் கேட்டார்.

"முதலைக் கண்ணீருங்கய்யா," என்றது ஆந்தை, புத்தகத்தைத் திறக்காமலே. "அதுக்கு ஏற்கெனவே பேரு இருக்கு. பரிசோதனை வேண்டியதில்ல."

நீதி: உண்மையே பேசு, ஆனால் ஒன்றே ஒன்று பேசு. இரண்டாவது உண்மைக்கு வேறு அத்தியாயம்.