ஐந்தாவது அப்ரண்டிஸ்

மண்ணரை, திருப்பூர்
ஞாயிறு காலை

மதிப்புக்குரிய மச்சான் சிவசுப்பிரமணியம் அவர்களுக்கு, தண்டாயுதபாணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை சின்னாத்தாள், பதினெட்டு தையல் மெஷின், ஒரு ஜெனரேட்டர் அனைவரும் நலம். அங்கே நீங்கள், அக்கா, எருமைகள், வெண்ணெய்க் கடை எல்லாம் நலமாக இருக்கச் சென்னிமலை முருகன் பார்த்துக்கொள்வான். இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் பாதியில் "சரிங்க மாப்ள, கடைல ஆளுங்க" என்று வைத்துவிடுவீர்கள். எழுத்தில் வந்தால் அக்கா சத்தமாகப் படித்துக் காட்டுவார், தப்பிக்க முடியாது.

போன வருடம் தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போன என் பதினாறு டெய்லர்களில் ஆறு பேர்தான் திரும்பினார்கள். மற்ற பத்துப் பேரும் திரும்பத்தான் செய்தார்கள், ஆனால் எதிர் கட்டடத்துக்கு, கிட்டுசாமியின் கம்பெனிக்கு. என் ஜன்னலுக்கு நேராகவே அவன் 'டெய்லர் தேவை' என்று போர்டு கட்டியிருந்தான். பதிலுக்கு நானும் ஒன்று கட்டினேன். இரண்டு போர்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தனவே ஒழிய ஆள் வரவில்லை. தொழில் தெரிந்தவனைத் தேடி அலைவதை விட்டுவிட்டுத் தெரியாதவர்களை அப்ரண்டிஸாகச் சேர்த்து ஒரு வருடம் முறையாகக் கற்றுக்கொடுக்கலாம் என்று நான் முடிவு செய்தபோது, கல்யாணப் பந்தியில், பாயசத்துக்கு நடுவில், நாற்பது பேர் கேட்க நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

"மாப்ள, நீங்க கத்துக் குடுப்பீங்க, அவங்க கத்துக்கிட்டு எதுத்த கட்டடத்துக்குப் போயிருவாங்க. பேசாம கம்பெனிய மூடிட்டு வந்து என்ற கடைல உக்காருங்க. வெண்ணெ எங்கயும் ஓடாது."

நானும் ரோஷத்தில், "ஒரு வருசம் பாருங்க மச்சான். ஒருத்தர் எதுத்த கட்டடத்துக்குப் போனாலும் நானே வந்து உங்க கடைல உக்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வருடம் நேற்றோடு முடிந்தது. முடிவைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நிதானமாக உட்கார்ந்து கேளுங்கள்.

கற்றுக்கொடுக்க வந்தவர் சாயிரா பானு என்கிற அம்மா. பதினைந்து வருடம் சாம்பிள் தைத்த கை. குறைந்தது ஐந்து பேர் இருந்தால்தான் வருவேன் என்றார். கிடைத்தது நாலு பேர். உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த வீரணன், அதுவரை மினி லாரி ஓட்டியவன். தள்ளுபடி பனியன் விற்கிற காதர்பேட்டைக் கடையில் எட்டு வருடம் பனியன் மடித்த தபஸ்ஸும் என்கிற பெண். பக்கத்துத் தெருப் பெண்கள் இரண்டு பேர். ஐந்தாவது ஆளுக்கு எங்கே போவது? சும்மா கணக்குக்கு என்று உங்கள் தங்கை பெயரை எழுதி வைத்தேன். முதல் நாள் அந்தம்மா பெயர் கூப்பிட்டார். "சின்னாத்தாள் எங்கீங்க சார்?" "ஊட்டுல இருக்காங்க." "அப்ப ஊட்டுக்குப் போய்க் கூட்டிட்டு வாங்க. அஞ்சு பேரும் உக்காந்தாத்தான் ஆரம்பிப்பேன்." மாவு அரைத்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். இருபத்திரண்டு வருடமாக ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைக்க மட்டும் உள்ளே வந்தவள் மச்சான் அவள்.

முதல் மாதம் பட்ட பாட்டை மறைக்கமாட்டேன். வீரணன் மெஷின் பெடலை மலை ஏறுகிற லாரியின் ஆக்ஸிலேட்டர் மாதிரி மிதித்ததில், தைக்கிற பனியனின் கையும் காலரும் அவன் சட்டை நுனியும் ஒன்றாகத் தைத்துக்கொண்டு, கத்தரி வைத்து அவனை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. தபஸ்ஸும் பழக்க தோஷத்தில் பாதி தைத்த துணியையெல்லாம் அழகாக மடித்து அடுக்கிவிடும். ஒரு வாரம் ஷார்ட்டேஜ் என்று தேடியதெல்லாம் அந்த அடுக்கில்தான் இருந்தது. ஆனால் சாயிரா பானு ஒரு வேலை செய்தார். என்னிடம் மிச்சமிருந்த ஆறு டெய்லர்களில் ஐந்து பேரிடம் ஆளுக்கு ஒரு அப்ரண்டிஸைப் பக்கத்தில் உட்கார வைத்து, மிஞ்சிய ஒருவரை எல்லாருக்கும் மேற்பார்வையாக்கி, அவர்களை 'வாத்தியாரே' என்று கூப்பிடச் சொன்னார். பக்கத்து ஆள் பார்த்தால் கையை மறைத்துக்கொண்டு தைத்தவர்கள், வாத்தியார் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். கிட்டுசாமி கூலி கூட்டித் தருவதாகச் சொல்லியும் ஒருத்தர்கூடப் போகவில்லை. அங்கே போனால் வாத்தியார் என்று யார் கூப்பிடுவார்?

உங்கள் தங்கை சங்கதிதான் தனி. தையல் வேலைக்கு நேரம் அளக்கக் கற்ற கையோடு, செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து நான் இட்லி தின்பதை அளந்து, "ஏனுங்க, சட்னிக்குக் கை போறதுல நேரம் வீணாகுதுங்க" என்று தட்டை இடப்பக்கம் மாற்றி வைத்தாள். எதிர் கட்டடத்துக்கு வாடகை என்ன, ஜிஎஸ்டி நம்பர் எப்படி வாங்குவது, கரண்ட் லைனுக்கு எங்கே எழுதிக் கொடுப்பது என்றெல்லாம் கேட்பாள். கற்றுக்கொள்ளும் ஆர்வத்தைப் பார்த்து நெகிழ்ந்துபோய் எல்லாம் விளக்கமாகச் சொல்லிக் கொடுத்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆடி மாதம் குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று வந்தது. அது தேதிக்குப் போகாவிட்டால் சரக்கு வாங்குகிற அந்த வெளிநாட்டு பையர் திரும்ப வரமாட்டான், கம்பெனியை மூடிவிட்டு உங்கள் கடைக்கு வருவதைத் தவிர வழியில்லை. துணி வந்ததும் கட்டிங் மாஸ்டர் அய்யாசாமி வழக்கம்போல ரோலைப் பிரித்து மேஜையில் விரித்தார். உங்கள் தங்கை போய்க் குறுக்கே நின்றாள்.

"இன்னைக்கு வெட்டாதீங்க மாஸ்டர். பின்னல் துணி ரோல்ல இழுத்துச் சுத்தி வந்திருக்கு. பிரிச்சுப் போட்டு ஒரு நாள் விட்டாத்தான் சுருங்கி அதும்பட சொந்த அளவுக்கு வரும்."

"இருவது வருசமா வந்தன்னைக்கே வெட்டறனுங்க அம்மிணி."

"இருவது வருசமா சைஸ் கொறையுதுன்னு கம்ப்ளைண்ட் வருதுங்களே."

உண்மைதான். அந்தப் புகாருக்கெல்லாம் நாங்கள் வெள்ளைக்காரனுடைய வாஷிங் மெஷினைத்தான் குறை சொல்லி வந்தோம். நான் சத்தம் போட்டேன், மறைக்கவில்லை. ஒரு நாள் போனால் யார் பொறுப்பு என்று குதித்தேன். கடைசியில் சோதனைக்குப் பத்து உருப்படி மட்டும் அன்றே வெட்டித் தைத்து வைத்தோம். மறுநாள் டேப் வைத்துப் பார்த்தால் ஐந்து வயதுச் சட்டை மூன்று வயதுக் குழந்தைக்குத்தான் போடலாம். மிச்ச ரோலையெல்லாம் அய்யாசாமியே பிரித்துப் போட ஆரம்பித்தார்.

போன ஒரு நாளை என் ஐந்து அப்ரண்டிஸ்களும் சேர்ந்து தைத்து மீட்டார்கள். வீரணன் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தான் என்றால் இப்போது வேடிக்கை பார்க்கக் கூட்டம் நிற்கும். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர் எண்பது உருப்படி அளந்து, ஒன்றில்கூடக் குறை காணாமல் இரண்டு டீ குடித்துவிட்டுப் போனார். அதே துணியை அதே வாரம் வாங்கி அன்றைக்கே வெட்டிய கிட்டுசாமியின் சரக்கு மொத்தமும் ரிஜெக்ட் ஆகி, தபஸ்ஸும் வேலை பார்த்த அதே காதர்பேட்டைக் கடையில் குவிந்து கிடக்கிறது. அவன் போன மாதம் கட்டடத்தைக் காலி செய்தான். அவனிடம் போன டெய்லர்களில் மூன்று பேர் என் வாசலில் வந்து நின்றார்கள். 'டெய்லர் தேவை' இருந்த இடத்தில் இப்போது 'கட்டடம் வாடகைக்கு' தொங்குகிறது. ஓடிப்போக எதிர் கட்டடத்தில் கம்பெனியே இல்லை மச்சான். நேற்று ஐந்து பேருக்கும் என் கையால் சர்டிபிகேட் கொடுத்தேன். உங்கள் கடையில் எனக்குப் போட்டு வைத்த ஸ்டூலை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசிகள். அடுத்த பந்தியில் நாற்பது பேர் இருக்கும்போது இதைச் சொல்ல மறக்க வேண்டாம்.

வெற்றியுடன்,
தண்டாயுதபாணி

பின்குறிப்பு: கவரை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் 'கட்டடம் வாடகைக்கு' போர்டில் பெயிண்டர் வேறு பெயர் எழுதிக்கொண்டிருந்தான். கீழே நின்று எழுத்து கோணல் என்று சொல்லிக்கொண்டிருந்தது உங்கள் தங்கை. சர்டிபிகேட் வாங்கிய மறுநாளே எதிர் கட்டடத்தில் சொந்தக் கம்பெனி. "கத்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியுங்களா?" என்கிறாள். உன் அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்றேன். "அண்ணன் சொன்னதுதான் நடந்துதுன்னு எழுதுங்க" என்றாள். எனக்குக் கோபமே வரவில்லை மச்சான், பெருமையாகத்தான் இருக்கிறது.

பேச்சுப்படி நான் உங்கள் கடைக்கு வந்தாக வேண்டும், ஆனால் இப்போதைக்கு முடியாது. அவளும் அப்ரண்டிஸ் எடுக்கிறாள், நாலு பேர்தான் கிடைத்தார்களாம், ஐந்தாவதாக என் பெயரை எழுதிவிட்டாள். "சும்மா பேருக்குத்தானே?" என்று கேட்டேன். "நானும் அப்பிடி நெனச்சுத்தானுங்க வந்தேன்" என்றாள். நாளைக் காலை எட்டரைக்கு எதிர் கட்டடத்தில் சாயிரா பானு பெயர் கூப்பிடுவார். அந்த ஸ்டூலை ஒரு வருடம் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.