நூல் பிடித்துப் போன ஊர்

வரைபடத்தில் இரண்டு ஊர்களுக்கு நடுவே அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தால் அதுதான் மிகக் குறுகிய வழி என்று உலகில் பலர் நம்புகிறார்கள். மனிதகுலத்தின் பிழைகளில் இது மிகக் கொடியது என்பது என் துணிபு. பூமி உருண்டை, தாள் தட்டை. உருண்டையைத் தட்டையாக்கும்போது வடக்கே இருக்கும் நிலமெல்லாம் பழைய பனியன் மாதிரி இழுபட்டுவிடும். பள்ளியில் பூகோளம் நடத்தும் நான் இதைத் தொண்டை வறளச் சொல்லி வருகிறேன்.

அப்படிப்பட்ட நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்து, அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தேன். காரணம், என் சகலை. தண்ணீர்க் குழாய் வியாபாரி. கடல்கள் தாண்டி ஓர் ஊரில் புது வீடு கட்டியிருக்கிறார். வருகிறவர்களுக்கு ஒவ்வொரு குழாயாகத் திறந்து காட்டி, மூடிக் காட்டி, விலை சொல்வார். என் விடுமுறை முழுவதையும் அங்கேதான் கழிப்பது என்று மனைவி தீர்மானித்திருந்தாள்.

"பாரு, எவ்வளவு நீளக் கோடுன்னு. பதினெட்டு மணி நேரம் பறக்கணும். உன் முட்டி வலிக்கு ஆகுமா?"

"அம்மாடி. இதைவிடக் கிட்டக்க வழி இல்லையா?"

"நேர்கோட்டைவிடக் கிட்டக்க வழி ஏது?"

பொய் சொன்னால் எனக்கு மூக்கு நமைக்கும். நமைத்தது. சொறியாமல் சமாளித்தேன்.

"சரி, விடுங்க. படிச்சவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைப் படித்தவர் என்று சொன்னதில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். நானோ நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டேன்.

அடுத்த அறையில் அவள் தங்கைக்கு ஃபோன் போட்டாள். எனக்கும் கேட்கும்படிதான்.

"வரலைடி. தாள்ல கோடு போட்டா அதுதான் கிட்டக்க வழியாம். விமானம் அந்தக் கோட்டு மேலயேதான் பறக்குமாம். உங்க அத்தான் சொன்னாரு. என்னது, உன் வீட்டுக்காரர் சிரிக்கிறாரா? அத்தானுக்குப் பூகோளம் தெரியலைங்கிறாரா?"

அவமானங்களை விழுங்கப் பழகியவன்தான் நான். ஆனால் குழாய் விற்கிறவர் எனக்குப் பூகோளம் சொல்வதா? அலமாரியிலிருந்த பூமி உருண்டையைத் தூக்கினேன். தையல் மிஷினிலிருந்து நூலை உருவினேன். ஊருக்கு ஊர் இழுத்துப் பிடித்து அளந்தேன். ஃபோனைப் பிடுங்கினேன்.

"சகலை, கேட்டுக்குங்க. வடக்கே வளைஞ்சு போறதுதான் கிட்டக்க வழி. நூல் வச்சு அளந்துட்டேன். பதினோரு மணி நேரந்தான். ஒரு தூக்கம் போட்டா விடியக்காலை இறங்கிடலாம். திரும்பி வரும்போது பின்காத்து வேற தள்ளும்."

 அந்தப் பக்கம் மைத்துனியின் குரல்.

"சரிங்க அத்தான். அவர் கடையிலேருந்து வந்ததும் சொல்லிடறேன்."

மனைவி என் கையிலிருந்து ஃபோனை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"கேட்டியாடி? ஒரு தூக்கந்தானாம். ரெண்டு டிக்கெட் போட்டுடு." பிறகு என் பக்கம் திரும்பி, "மூக்கைச் சொறிஞ்சுக்குங்க. அப்போலேருந்து அடக்கி வச்சிருக்கீங்க" என்றாள்.

பயண நேரத்தைப் பொறுத்தவரை என் கணக்கு துல்லியம். விடியற்காலையில் இறங்கினோம். காப்பி குடித்து முடித்ததும் சகலை முதல் குழாயைத் திறந்தார்.