முதல் வெற்றிலை யாருக்கு?

மனிதர்களில் விதிப்புலி என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒன்று கட்டாயம் இருக்கும். எந்தக் காரியமானாலும் அதற்கு ஒரு விதி, விதிக்கு ஒரு விலக்கு, விலக்குக்கு இன்னொரு விதி என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் காரியத்தை மட்டும் செய்யாமல் விட்டுவிடுவது இதன் இயல்பு. சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். பாவம், ராப்பகலாக உழைக்கும்.

முதுகுளத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த மருதுபாண்டி இந்த இனத்தில் கொம்பு முளைத்தவர். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த கையோடு, மனிதனைப் போலவே யோசிக்கும் கம்ப்யூட்டர் ஒன்றைச் செய்தே தீருவதென்று இறங்கினார்.

“மனுசன் மூளையில என்ன இருக்கு? இப்படின்னா அப்படி, அம்புட்டுதான். அத்தனை விதியையும் உள்ள போட்டுட்டா பெட்டி தானா யோசிக்கும்” என்பார்.

முதல் பரீட்சை, மகளின் காதுகுத்து. அந்தப் பக்கத்தில் பத்திரிகை அடித்துக் கொடுத்தால் போதாது. புருஷனும் பெண்டாட்டியும் வெற்றிலைத் தட்டோடு வீடு வீடாகப் போய் அழைக்க வேண்டும். யாருக்கு முதலில் வைத்தார்கள் என்று பார்த்துத்தான் சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். இருந்தது இருபது வீடு. மூத்தவருக்கு முன் இளையவர் கூடாது, தாய்மாமனுக்கு முன் எவருமே கூடாது, பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டுக்கு அடுத்தடுத்துப் போகக் கூடாது என்று எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டு, குற்றமில்லாத வரிசை ஒன்றைக் கேட்டார் மருதுபாண்டி.

பெட்டி ஒவ்வொரு வரிசையாகச் சோதிக்கத் தொடங்கியது. மூன்று வீடென்றால் ஆறு வரிசை. பத்து வீடென்றால் முப்பத்தாறு லட்சத்துக்கு மேல். இருபது வீடு? நொடிக்குப் பத்து லட்சம் சோதித்தாலும் எழுபதாயிரம் வருஷம் தாண்டும். காதுகுத்தோ ஆவணியில்! நடுநடுவே கரண்டு போனால் மறுபடி முதலிலிருந்து.

“ஏங்க, எங்கண்ணனுக்காச்சும் வெத்தலை வச்சிருவோமா?” என்று தினமும் கேட்டாள் மனைவி நாகலெட்சுமி. அபிராமத்தில் இருக்கும் அண்ணன் தவசிக்குத் தங்கை மகள் என்றால் உயிர். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும்.

“பொறு புள்ள. பெட்டி யோசிக்குதுல்ல?”

ஊரார் இதற்கு என்ன செய்வார்கள்? ஏதோ ஒரு வீட்டில் தொடங்கி, வாங்குகிற ஏச்சை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். விதிப்புலிக்கு அதெல்லாம் யோசனையாகவே தெரியாது.

ஆவணியும் வந்தது. கோயிலில் பூசாரி, ஆசாரி, இவர்கள் மூன்று பேர். வேறு ஆள் இல்லை. அழைக்காமலே வந்த தவசி, வேப்பமரத்தடியில் தள்ளி நின்றார்.

“பிள்ளையப் பாக்கணும்போல இருந்துச்சு, வந்தேன். அழைக்காம மடி குடுக்க மாட்டேன் மாப்ள.”

“இந்தாங்க தட்டு, இங்கனயே வச்சு அழைங்க!” என்று கணவன் கையில் திணித்தாள் நாகலெட்சுமி.

மருதுபாண்டி ஓரடி வைத்தார். நின்றார். தாய்மாமன் முதல் என்பது சரி, ஆனால் பெரியப்பா இவரைவிட மூத்தவராயிற்றே! அந்தக் கணக்கு முடிவதற்குள் தவசி பஸ் ஏறிவிட்டார்.

பிள்ளை அப்பன் மடியில் உட்கார்ந்து, “மாமா, மாமா” என்று வீறிட்டது. நாகலெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மருதுபாண்டி மகளை இறுக அணைத்துக்கொண்டார். ஆனாலும் பிறவிக் குணம் போகுமா? ‘அழைக்காட்டி மடி இல்லை. இந்த விதியப் போடாம விட்டுட்டமே’ என்றுதான் அவர் மனம் முணுமுணுத்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்கும் உடன்பிறந்தவருக்கும் பேச்சு நின்று எத்தனை நாளாயிற்று? அன்றைக்கு ஃபோனைக் கையில் எடுத்து, ‘முறைப்படி முதலில் அவர்தானே பேச வேண்டும்’ என்று யோசித்துக் கீழே வைத்தீர்களே, அந்த யோசனை இன்னும் முடியவில்லையா?