மூன்று பத்துக்கு வந்த பதிவு

எதையும் எழுதி வைக்கிறவனுக்கு மறதி வராது என்று பலரும் நம்புகிறார்கள். உண்மை நேர்மாறானது. எழுதி வைக்கிறவன்தான் நிம்மதியாக மறக்கிறான். பதினெட்டு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கிள்ளான் லோரி கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்போம். ஒரே நிரலில் நான்கு பேர் கை வைப்பதால், யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்று பதிந்து வைக்கும் ஏற்பாடு ஒன்று வேண்டும். எங்களிடம் இருந்தது அரதப் பழசு. அதை விட்டு 'கிட்' என்ற புதியதற்கு மாற வேண்டும் என்று மூன்று மாதம் போராடினேன். இருபத்திரண்டு பக்கத்துக்கு அறிக்கை எழுதினேன். அதன் முதல் வரி: 'யார் செய்தது என்பது இதில் எப்போதும் தெரியும்.' முதலாளி லிங்கம் அந்த ஒரு வரியைத்தான் படித்தார் (மீதியை என் மனைவிகூடப் படிக்கவில்லை). சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் தேவராஜ் அண்ணன் இறந்துபோனார். எங்கள் நிரலில் பாதி அவர் எழுதியது. ஒரு ஞாயிறு, கிள்ளானில் மாதா கோயில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்த வாரச் சனிக்கிழமை நான் மட்டும் அலுவலகம் வந்து எல்லாக் கணினிகளையும் புதியதற்கு மாற்றினேன். பழைய கட்டளையைக் கொடுத்தாலும் கிட்டில் பதிவாகும்படி சின்ன நிரல் ஒன்று எழுதி எல்லாவற்றிலும் போட்டேன். அன்றைய என் குறிப்பு: 'மாற்றம் நிறைவு. ஒரு குறையும் இல்லை. மதியம் மீன் கறி.'

திங்கள் பிற்பகல் சாந்தி கூப்பிட்டாள். எங்களில் இளையவள், ரவாங்கிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவள், எதற்கும் அசராதவள். அன்று குரல் சரியில்லை.

"அண்ணே, இத கொஞ்சம் வந்து பாருங்களேன்."

திரையில் ஒரு புதிய பதிவு. தேவராஜ். பிற்பகல் 3.10. 'டீக்குப் போறேன்.'

அவர் உயிரோடு இருந்தபோது தினமும் அந்த நேரத்துக்கு, இதே வார்த்தையோடு, அதுவரை செய்த வேலை பதிவாகிவிடும். பிறகுதான் கீழே இறங்குவார். இப்போது அவர் நாற்காலி காலியாக இருந்தது. வெளியே மோனோரயில் போக, அவர் மேசையில் இருந்த குவளை லேசாக அதிர்ந்தது.

"யாரோ விளையாடுறாங்க," என்றேன். விளையாட நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம்.

செவ்வாய் 3.10. 'டீக்குப் போறேன்.' திறந்து பார்த்தால் ஒரே ஒரு வரி மாறியிருந்தது. அது அன்றைய தேதி.

புதன்கிழமை விசாரணையைத் தொடங்கினேன். 3.10க்கு யார் எங்கே இருந்தார் என்று அட்டவணை போட்டேன். இரண்டு கையையும் மேசைமேல் வைக்கும்படி சாந்தியிடம் சொன்னேன்.

"நீங்க போலீஸ் வேலைக்கே போயிருக்கலாம்ணே," என்று சொல்லிக் கைகளை வைத்தாள். அவள் கைகளை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதிவு வந்தது.

முதலாளி வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார்.

"பாஸ், அண்ணன் கத்தோலிக்கர் லா. எலுமிச்சம்பழம் அவருக்கு வேல செய்யுமா?" என்றாள் சாந்தி.

"அப்ப ஃபாதரக் கூப்பிடுவோமா?"

"கூப்பிட்டு என்ன சொல்றது? 'ஃபாதர், கம்ப்யூட்டருக்கு ஆவி புடிச்சிருச்சு'ன்னா?"

வியாழக்கிழமை அவள் கீழேயிருந்து தே தாரிக் டீ ஒன்று வாங்கி வந்து அவர் மேசையில் வைத்தாள். 3.10க்குப் பதிவு வந்தது. நான்கு மணிக்குப் பார்த்தால் கிளாஸில் பாதி இல்லை. கிளாஸைத் தூக்கிப் பிடித்து அளவு பார்த்தேன்.

"நாந்தான் குடிச்சேன்," என்றார் முதலாளி. "வேஸ்ட்டாப் போவுதுல்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "ரிப்போர்ட்ல என்ன எழுதின? யாருன்னு எப்பவும் தெரியும்னு. நாளைக்குள்ள யாருன்னு காட்டு. இல்லன்னா பழசுக்கே போயிடுவோம்."

மூன்று மாதப் போராட்டமும் இருபத்திரண்டு பக்கமும் ஒரு வெள்ளிக்கிழமையில் தொங்கின. அதைவிட மோசம், நானே பாதி நம்பத் தொடங்கியிருந்தேன்.

மறுநாள் மூன்று மணிக்குச் சற்று முன் அவர் மனைவி மேரி அக்கா, கணவரின் சாமான்களை எடுத்துப்போக வந்தார். அவரிடம் எதுவும் சொல்லக்கூடாது என்று முடிவு செய்திருந்தோம். ஆனால் முதல்நாள் பதிவு சாந்தியின் திரையிலேயே இருந்தது. படித்தார். அழப்போகிறார் என்று நான் நாற்காலியை நகர்த்தினேன்.

"மூணு பத்தானா கம்ப்யூட்டரே சேவ் பண்ணிக்கும், நான் கைய வைக்கவே வேணாம்னு வீட்ல பெருமையாச் சொல்லுவாரு," என்றார். "ஆமா, அவரு கம்ப்யூட்டர் எங்க தம்பி?"

மூன்று நாள் விசாரணையில் யாரும் கேட்காத கேள்வி. அவர் மேசையில் வெறும் திரை மட்டும்தான் இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

சாமான் அறையில், உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால், இருட்டில் அது முனகிக்கொண்டிருந்தது. மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது. முதலாளி சத்தமாகப் படித்தார். "அணைக்க வேண்டாம். தேவராஜ் அண்ணன் கோப்புகள் உள்ளன." கீழே தேதி, நேரம், என் கையெழுத்து. அந்தச் சனிக்கிழமை என் சின்ன நிரலை இதிலும் போட்டு, பத்திரமாக இருக்கட்டும் என்று நானே தூக்கி வந்து வைத்தது. செத்தவரை வேலைக்கு வரவழைத்த பெருமை முழுக்க என்னுடையது.

"போதும்பா, அவருக்கு ரெஸ்ட் குடுங்க," என்று மேரி அக்கா குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். முனகல் நின்றது. நான் உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதினேன்: 3.06.

"உன் சிஸ்டம் உண்மையத்தான் சொல்லியிருக்கு," என்றார் முதலாளி. "நீதான் சரியில்ல." கிட் தங்கியது. சாமான் அறைச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து பதிவுகளைச் சரிபார்த்தேன். கடைசியில் ஒன்று இருந்தது. தேவராஜ். வெள்ளி. பிற்பகல் 3.10. 'டீக்குப் போறேன்.'

இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன். மனைவி அடுப்பைவிட்டுத் திரும்பாமலே சொன்னாள்: "உங்க வாட்ச் ஸ்லோ. கல்யாணத்துலேர்ந்து சொல்றேன்."

அன்றிலிருந்து எந்த விசேஷத்திலும் நான் ஒரு நேரத்தைச் சொன்னால் போதும், என் மகள் கேட்பாள்: "அது பிளக்கப் புடுங்குறதுக்கு முன்னாடியாப்பா, பின்னாடியா?" செமினியில் இருக்கும் மைத்துனர் வீடுவரை இது பரவியிருக்கிறது.

சிரிக்கட்டும். அந்தக் கடிகாரம் மெதுவாக ஓடுகிறதா என்று இன்றுவரை நான் சோதித்துப் பார்க்கவில்லை. சரியாக ஓடினால் என்ன செய்வது?